ஆயா மடி முதல் ஆயா வயது வரை: வாசகர் கேள்விகள், மனநல ஆலோசகர்களின் பதில்கள்

இந்த இதழுக்கான கடிதங்களில் பெரும்பாலானவை காசிமேட்டுக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட வடசென்னையிலிருந்து வந்தவை. 9 மாதக் குழந்தை முதல் 78 வயது ஆயா வரை எல்லோரும் அவற்றில் இருக்கிறார்கள். பாதிக்கு மேல் கேட்கப்பட்டிருப்பது ஒரே கேள்வி: இது வயசுக் கோளாறா, நோயா? பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் கொடுத்திருக்கிறோம்.

என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். கிளம்பினால் கரைக்கு வர 10, 12 நாள் ஆகும். யார் தூக்கினாலும் சிரித்துக்கொண்டிருந்த எங்கள் பெண், 9 மாதம் ஆனதிலிருந்து அப்பா தூக்கினாலே வீறிட்டு அழுகிறாள். "என் பொண்ணுக்கே என்னைத் தெரியல" என்று அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். இனி அப்பா மேல் பாசம் வராதா?
– வாசகி, காசிமேடு

வரும். முதலில் அவரை எழுப்பிச் சாப்பிடச் சொல்லுங்கள்.

3, 4 மாதக் குழந்தை எந்த முகத்தைக் கண்டாலும் சிரிக்கும். 6 மாதத்துக்கு மேல், தினம் பார்க்கிற முகங்களை மனதில் வைத்துக்கொண்டு எதிரே வருகிற முகத்தை அவற்றோடு ஒப்பிடத் தொடங்கும். ஒத்துவராவிட்டால் பயம். 8, 9 மாதத்தில் இது பளிச்சென்று தெரியும்; ஒரு வயதையொட்டி உச்சத்துக்குப் போய், இரண்டாம் வயதில் மெல்ல அடங்கும். 12 நாள் என்பது இந்த வயதின் நினைவுக்கு மிக நீளம். தாடி வளர்ந்து, வெயிலில் கறுத்து, டீசல் வாசனையோடு வருகிற அப்பா, அவளைப் பொறுத்தவரை போன அப்பா இல்லை.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய ஸ்பூனைத் துண்டுக்கு அடியில் மறையுங்கள். 5 மாதத்தில் என்றால், பொருளே இல்லாமல் போய்விட்டதுபோல் வேறு பக்கம் திரும்பியிருப்பாள். இப்போது துண்டை விலக்கித் தேடுவாள். கண்ணில் படாததும் எங்கோ இருக்கிறது என்று புரிந்துகொண்ட இந்த மனசுதான், நீங்கள் அடுப்படிக்குப் போனாலும் தேடி அழுகிறது. உங்களிடம் அவளுக்கு உறுதியான ஒட்டுதல் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அது. அப்பாவிடமும் அந்த ஒட்டுதல் வரும். அவருக்குக் கிடைக்கிற நாட்கள்தான் குறைவு.

அவர் வரும் நாளில் வாசலிலிருந்தே பாய்ந்து தூக்கக் கூடாது. காரியம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். குளித்து, முகம் மழித்துவிட்டு வரட்டும். குழந்தை உங்கள் இடுப்பில் இருக்கட்டும். அவர் நாலைந்து அடி தள்ளித் தரையில் உட்கார்ந்து உங்களோடு பேசட்டும். குழந்தையை உற்றுப் பார்க்க வேண்டாம். அவளே ஒரு 10, 15 நிமிடம் அவரை எடைபோடுவாள். பிறகு அவளுக்குப் பழகிய பொம்மையோ டப்பாவோ ஒன்றை அவர் தரையில் தட்டி விளையாடட்டும். அவள் கை நீட்டிய பிறகு தூக்கலாம். முதல் நாள் அரை மணி, மறுநாள் அதற்கும் குறைவு என்று ஆகிவிடும். அழுகிற குழந்தையை "அப்பாதானே, போ" என்று திணிப்பதும், சுற்றி நின்று சிரிப்பதும் பயத்தை நீட்டிக்கும்.

கடலுக்குப் போகும் முன் அவர் பாடுவதையோ கொஞ்சுவதையோ போனில் பதிவு செய்து, தினம் தூளியில் போடும்போது ஒலிக்க விடுங்கள். துவைக்காத சட்டை ஒன்று தூளிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். குழந்தைக்கு வாசனை நினைவு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் உங்களுக்குப் பெரிய வாய்ப்பு. குளிப்பாட்டுவதோ, மதியச் சோறு ஊட்டுவதோ, ஏதாவது ஒரு வேலை அந்த 61 நாளும் அவருடையது மட்டும் என்று வையுங்கள். தடைக்காலம் முடிந்து கிளம்பும்போது அவள் கண்ணில் படாமல் நழுவ வேண்டாம். சொல்லிவிட்டு, கையசைத்துவிட்டுப் போகட்டும்.

அவர் மனம் நொந்து இனி கிட்டவே வராமல் இருந்துவிடுவதுதான் நாங்கள் பயப்படுகிற விஷயம். குழந்தை விஷயத்தில் பார்க்க வேண்டியது வேறு: ஒரு வயது நெருங்கியும் தெரிந்தவர், தெரியாதவர் வித்தியாசமே இல்லாமல் இருந்தாலோ, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ, "ப்பா ப்பா", "மா மா" போன்ற மழலை இல்லாவிட்டாலோ ஸ்டான்லி மருத்துவமனை குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள்.

மகனுக்கு 2 வயது 1 மாதம். 5 வார்த்தைதான் பேசுகிறான். "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும், உன் புருஷனும் அப்படித்தான்" என்கிறார் மாமியார். வீட்டில் தெலுங்கும் தமிழும் பேசுகிறோம். அதனால் குழம்பிவிட்டானா? சாப்பிட வைக்க போன் கொடுப்பது உண்டு.
– வாசகி, கொருக்குப்பேட்டை

இந்தப் பதிலைப் படித்த வாரத்திலேயே காது பரிசோதனைக்குப் போங்கள். 3 வயது வரை பார்க்கலாம் என்று விட வேண்டாம். ஆண் குழந்தைகள் சராசரியாகச் சில வாரங்கள் பின்தங்குவது உண்மை. ஒரு வருடம் பின்தங்குவது அந்தக் கணக்கில் வராது.

12 மாதத்தில் மழலையும், கை நீட்டிக் காட்டுவதும், டாட்டா காட்டுவதும் இருக்க வேண்டும். 16 மாதத்தில் தனி வார்த்தைகள். 24 மாதத்தில் "அம்மா வா", "பால் தா" என்று தானாகவே இரண்டு சொற்களைச் சேர்க்க வேண்டும். நாம் சொன்னதைத் திருப்பிச் சொல்வது இதில் சேராது. இந்த வயதில் ஏறக்குறைய 50 சொற்கள் இருப்பது வழக்கம். எந்த வயதிலும், பேசிக்கொண்டிருந்த சொல் மறைந்துபோனால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

இரண்டு மொழி காரணம் இல்லை. எண்ணும்போது இரண்டையும் சேர்த்து எண்ணுங்கள்: தெலுங்கில் 3, தமிழில் 2 என்றால் 5. ஒரு மொழியை நிறுத்தச் சொல்லி யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்; ஆயா எந்த மொழியில் கொஞ்சுகிறாரோ அதை இழப்பதுதான் நஷ்டம்.

காது சரியாக இருக்கிறது என்று சத்தத்துக்குத் திரும்புவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கதவு தட்டும் சத்தம் கேட்கிற குழந்தைக்கு "ச", "த" போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். சளி பிடித்து நடுக்காதில் நீர் கட்டினாலும் அப்படி ஆகும். காது மருத்துவர் தேவைப்பட்டால் பெரா (BERA) பரிசோதனை எழுதிக் கொடுப்பார்; ஒலிக்கு மூளை எப்படிப் பதில் தருகிறது என்று பார்த்துக் கேட்கும் திறனை அளப்பது அது. காது சரி என்றால் அடுத்தது வளர்ச்சிப் பரிசோதனை. அதில் அவன் உங்கள் கண்ணைப் பார்க்கிறானா, வேண்டியதை விரலால் சுட்டுகிறானா, வானத்தில் விமானத்தைக் கண்டால் உங்களுக்கும் காட்டுகிறானா என்று கேட்பார்கள். விரலால் சுட்டுவது எங்களுக்குப் பேச்சை விட முக்கியமான தகவல்.

போன் பற்றி: இந்திய குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2 வயது வரை திரையே வேண்டாம், 2 முதல் 5 வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்கிறது. திரை கண்ணைக் கெடுக்கிறது என்பதை விடப் பெரிய சிக்கல், அது பதில் பேசாது என்பது. பேச்சு, பந்து போட்டுப் பிடிப்பதுபோல் வளர்வது. அவன் "ம்ம்" என்றாலும் அதற்கு நீங்கள் பதில் சொல்லி, பிறகு மனதுக்குள் 5 எண்ணும்வரை காத்திருங்கள். நம் வீடுகளில் காத்திருப்பதுதான் நடப்பதில்லை. அடுத்த வாக்கியத்தை நாமே சொல்லிவிடுகிறோம். அவன் "பஸ்" என்றால் நீங்கள் "பெரிய பஸ்" என்று ஒரு சொல் கூட்டுங்கள். ஊட்டும்போது போனை ஒரேயடியாக நிறுத்தினால் 3, 4 நாள் சாப்பாட்டில் ரகளை இருக்கும், குறைவாகவும் சாப்பிடுவான். அதற்குள் தளர்ந்து திரும்பக் கொடுத்தால், ரகளை செய்தால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான்.

4 வயதுப் பெண் திடீரென்று பொய் சொல்கிறாள். பாலைக் கொட்டிவிட்டுப் "பூனை" என்கிறாள். அடித்தும் பார்த்தாயிற்று.
– வாசகர், ராயபுரம்

ஒரு பிஸ்கட் பாக்கெட்டில் பிஸ்கட்டை எடுத்துவிட்டுப் பட்டன்களைப் போடுங்கள். திறந்து காட்டிவிட்டு மூடுங்கள். "தாத்தா இதைப் பார்க்கல. உள்ளே என்ன இருக்குன்னு தாத்தா நினைப்பார்?" என்று கேளுங்கள். 3 வயதுக் குழந்தை "பட்டன்" என்று சொல்லும். தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்பது அதன் எண்ணம். 4 வயதையொட்டி "பிஸ்கட்" என்று சொல்லத் தொடங்கும். அடுத்தவர் மனதில் இருப்பது வேறாக இருக்கலாம் என்ற இந்தப் புரிதலை 1983இல் விம்மர், பெர்னர் என்ற இரு உளவியலாளர்கள் இதுபோன்ற சோதனையால் காட்டினார்கள். பொய்க்கு வேண்டிய அறிவு இதுதான். பிறருக்காக இரக்கப்படவும், ரகசியம் காக்கவும், கதை சொல்லவும் வேண்டிய அறிவும் இதேதான்.

அடியை நிறுத்திவிடுங்கள். கடுமையாகத் தண்டிக்கப்படும் குழந்தைகள் பொய்யை விடுவதில்லை. இன்னும் திறமையாகச் சொல்லப் பழகுகிறார்கள். "நீதானே கொட்டினே?" என்று விடை தெரிந்துகொண்டே கேட்பது பொய்க்கு அழைப்பு. "பால் கொட்டியிருக்கு, துணி எடுத்துட்டு வா, சேர்ந்து துடைக்கலாம்" என்றால் பொய்க்கு வேலையே இல்லை. உண்மை சொன்ன நாளில் அதைக் கவனித்துச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு உயரமான டம்ளரில் ஜூஸ் கொடுத்தால் "அவளுக்குத்தான் ஜாஸ்தி" என்று 5 வயதுத் தம்பி சண்டை போடுகிறான். கண்ணெதிரே அளந்து ஊற்றினாலும் நம்புவதில்லை.
– வாசகி, புளியந்தோப்பு

நம்ப முடியாது, இந்த வயதுக்கு உயரம் மட்டுமே கண்ணில் படும். அகலம் அதை ஈடுகட்டுகிறது என்று இரண்டையும் சேர்த்து யோசிப்பது 7 வயதையொட்டி வரும் என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே காட்டினார். விளக்கிப் பயனில்லை. ஒரே அளவு டம்ளர் இரண்டு வாங்குங்கள்.

மாமனார் போன வாரம் இறந்துவிட்டார். "தாத்தா தூங்குறார்" என்று சொல்லி 5 வயது மகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டோம். மேளச் சத்தமும் பட்டாசும் கேட்டு, என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம். இப்போது ராத்திரி தூங்க மறுக்கிறான்.
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

தூங்கிய தாத்தா திரும்பி வரவில்லை என்றால் தூக்கம் பயமாகத்தான் இருக்கும். குழந்தைகள் நாம் சொல்கிற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். "ஊருக்குப் போயிருக்கார்" என்றால் வாசலைப் பார்த்துக் காத்திருப்பார்கள். அடுத்து அப்பா ஊருக்குக் கிளம்பினால் நடுங்குவார்கள். "சாமி கூட்டிட்டுப் போயிட்டார்" என்றால் சாமி தன்னையும் கூட்டிக்கொண்டு போகுமா என்பார்கள்.

சாவு என்றால் திரும்பி வர முடியாது, உடம்பு வேலை செய்வது முற்றாக நின்றுவிடும், எல்லோருக்கும் ஒருநாள் வரும் என்ற மூன்றும் பெரும்பாலும் 5 முதல் 7 வயதுக்குள்தான் பிடிபடும். ஆகவே இன்றே திருத்திச் சொல்லிவிடலாம், தாமதம் ஆகிவிடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு இப்படிச் சொல்லுங்கள்: "தாத்தா தூங்கலடா, செத்துப்போயிட்டார். அம்மா தப்பாச் சொல்லிட்டேன். அவர் இதயம் நின்னுபோச்சு, டாக்டராலயும் சரிபண்ண முடியல. செத்துப்போனவங்களுக்கு வலிக்காது, பசிக்காது, குளிராது. அவங்க திரும்பி வர முடியாது. நீ தூங்கினா காலையில எழுந்திருப்பே." எரித்ததைப் பற்றிக் கேட்டால், வலி தெரியாது என்பதை முதலில் சொல்லி, பிறகு எரித்ததைச் சொல்லுங்கள், இந்த வரிசை மாறக் கூடாது. "நான் தாத்தாகூட சண்டை போட்டதாலயா?" என்ற எண்ணம் கேட்காமலே உள்ளே இருக்கும். "நீ செய்த எதனாலயும் இல்ல" என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்பான். ஒவ்வொரு முறையும் அதே பதில், அதே சொற்கள். டப்பாவைத் தட்டிச் சாவு மேளம் அடித்து விளையாடினால் "அபசகுனம்" என்று அதட்டாதீர்கள். புரிந்துகொள்ள அவனுக்கு இருக்கிற வழி விளையாட்டு. சில வாரங்கள் படுக்கையில் சிறுநீர் போவதும் ஒட்டிக்கொண்டே திரிவதும் நடக்கும். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவனையும் வைத்துக்கொள்ளுங்கள். யார் அழுவார்கள், என்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்; அவன் வேண்டாம் என்றால் வெளியே கூட்டிப்போக ஓர் ஆளை நியமித்து வையுங்கள். மாதக்கணக்கில் சாப்பிடாமல், விளையாடாமல், தாத்தாவிடம் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் குழந்தை மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

15 வயது மகன். ராத்திரி 1 மணி வரை போன். கேட்டால் "உனக்குப் புரியாதும்மா". தனியாக இருக்கும்போது நல்ல பிள்ளை. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்துவிட்டால் பைக், வீலிங் என்று ஆள் மாறிவிடுகிறான். ஒரே அறை வீடு, கண்காணித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.
– வாசகி, வியாசர்பாடி

"தனியாக நல்ல பிள்ளை, கூட்டத்தில் வேறு ஆள்" என்று நீங்கள் எழுதியது துல்லியமான கவனிப்பு. 2005இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவில் கணினிக் கார் விளையாட்டு ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது பதின்வயதினர் தனியாக ஓட்டியதைவிட மிக அதிகமாக ஆபத்தை எடுத்தார்கள். 24 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அந்த மாற்றம் ஏறக்குறைய இல்லை. மூளையில் பரபரப்பையும் பாராட்டையும் தேடும் பகுதி பருவ வயதிலேயே வேகமெடுத்துவிடுகிறது. நிறுத்திப் பார், விளைவை யோசி என்று சொல்லும் முன்நெற்றிப் பகுதி முழுதாக முதிர 25 வயது ஆகிவிடும். ஆக, அவனுக்கு ஆபத்து தெரியாது என்று நினைத்து விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். தெரியும். நண்பன் பார்க்கும்போது அது கணக்கில் வருவதில்லை.

எனவே புத்திமதியை விடச் சூழலை மாற்றுவதுதான் வேலை செய்யும். சாவி அவன் கைக்கு எட்டக் கூடாது. 18 நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றமானால், 2019 சட்டத் திருத்தப்படி பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு என்பதை ஒருமுறை, அமைதியாகச் சொல்லுங்கள். நண்பர்களைத் துண்டிக்கப் பார்க்காதீர்கள். இந்த வயதில் அது தோற்கும். நாலு பேரும் சேர்ந்து பரபரப்பு தேட உங்கள் பக்கத்திலேயே கால்பந்து மைதானம் இருக்கிறது, பாக்ஸிங் இருக்கிறது. வாரம் 4 நாள் மாலை வியர்க்க ஆடுகிற பையனுக்குப் பைக் சாகசத்தின் பசி குறையும். பயிற்சியாளர் என்ற மூன்றாவது பெரிய மனிதர் ஒருவர் கிடைப்பது அதைவிடப் பெரிய லாபம். அம்மா சொன்னால் எரிச்சலாகும் அதே சொல்லை அவர் சொன்னால் கேட்பான்.

தூக்கத்தில் பாதி அவன் தவறு இல்லை. பருவ வயதில் உடல் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப் போகும். 9 மணிக்குப் படுக்கச் சொன்னால் தூக்கம் வராது. ஆனால் தேவை 8 முதல் 10 மணி நேரம். 1 மணிக்குப் படுத்து 6.30க்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரம்தான், மறுநாள் சிடுசிடுப்பு அதிலிருந்தே வரும். இரவு 10.30க்கு வீட்டிலுள்ள எல்லா போனும், உங்களுடையதும் சேர்த்து, அடுப்படி அலமாரியில் சார்ஜுக்குப் போக வேண்டும். அவனுடையதை மட்டும் பிடுங்கினால் நிற்காது.

ஒரே அறை வீடு என்பதை நாங்கள் முக்கியமாக எடுத்துக்கொள்கிறோம். "நான் யார்" என்று தேடுகிற வயதுக்குக் கொஞ்சம் மறைவு வேண்டும். அறையின் ஒரு மூலைக்குத் திரைச்சீலை, பூட்டுள்ள சின்னப் பெட்டி, அதை நீங்கள் திறக்க மாட்டீர்கள் என்ற வாக்கு – இவ்வளவு போதும். எதிரே உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். பஸ்ஸில் போகும்போது, மாவு அரைக்கப் போகும்போது, பக்கவாட்டில் இருந்துகொண்டு பேசினால் வாய் திறப்பான். இந்த ஒரு ஒப்பந்தமும் செய்துகொள்ளுங்கள்: "எந்த நேரத்தில், எந்த வம்பில் மாட்டினாலும் எனக்கு போன் பண்ணு, வந்து கூட்டிட்டு வருவேன், திட்டெல்லாம் மறுநாள்தான்." சொன்னால் அன்றிரவு உண்மையிலேயே திட்டக் கூடாது.

இரண்டு வாரத்துக்கு மேல் நண்பர்களிடமிருந்தும் ஒதுங்கினாலோ, ஆடிய ஆட்டத்தை விட்டாலோ, கையில் வெட்டுக் காயம் இருந்தாலோ, மாத்திரைப் பட்டையோ ஊசியோ கண்ணில் பட்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அது பருவத்தின் வேலை இல்லை. "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

பி.எட். படிக்கிறேன். மனித மன வளர்ச்சிக்கு எரிக்சன் என்ற உளவியலாளர் சொன்ன எட்டு நிலைகளின் வயது எல்லை புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. எதை எழுதுவது?
– மாணவி, தண்டையார்பேட்டை

தேர்வுக்கு: ஒன்றரை வயது வரை நம்பிக்கை, 3 வரை தன்னிச்சை, 6 வரை தானே முனைதல், 12 வரை உழைத்துத் தேர்தல், 18, 20 வரை தன் அடையாளம், 40 வரை நெருக்கம், 65 வரை அடுத்த தலைமுறையை ஆளாக்குதல், அதன்பின் வாழ்ந்ததை ஏற்றுக்கொள்ளும் நிறைவு. ஒவ்வொன்றுக்கும் எதிர்முனை உண்டு: அவநம்பிக்கை, வெட்கம், குற்ற உணர்வு, தாழ்வு, குழப்பம், தனிமை, தேக்கம், விரக்தி.

எல்லைகள் மாறுவதற்குக் காரணம், அவை சுவர்கள் இல்லை என்பதுதான். 16 வயதில் வேலைக்குப் போய்த் தங்கைகளைப் படிக்க வைக்கிற பெண் 40க்கு உரிய வேலையை அப்போதே செய்கிறாள். தன் அடையாளம் என்ற கேள்வி அவளுக்கு 35இல் வரலாம். முந்தைய நிலையில் தோற்றவர் பிறகு எழவே முடியாது என்று சில வழிகாட்டி நூல்களில் இருப்பது எரிக்சன் சொன்னதும் இல்லை, உண்மையும் இல்லை. வகுப்பறையில் உங்களுக்கு அதிகம் பயன்படுவது நான்காவது: 6 முதல் 12 வரை ஒரு பிள்ளை ஏதாவது ஒன்றில், கேரமாகட்டும், ஓவியமாகட்டும், "எனக்கு இது வரும்" என்று உணர வேண்டும்.

47 வயது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. படுத்த படுக்கையாக மாமியார், காலேஜ் போகும் மகள். தூக்கமில்லை, எல்லோரிடமும் எரிந்து விழுகிறேன். என் குணமே மாறிவிட்டதா?
– வாசகி, திருவொற்றியூர்

குணம் மாறவில்லை, அம்மா. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதையொட்டி. அதற்கு முந்தைய சில வருடங்களில் ஹார்மோன் ஏறி இறங்குவதால் தூக்கம் கெடும், திடீர் வியர்வை வரும், கோபமும் அழுகையும் வரும். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே முகத்தோடு வரும் என்பதால் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் பாருங்கள்.

ஆனால் பரிசோதனை எல்லாம் சரியாக வந்தாலும் உங்கள் சுமை அப்படியே இருக்கும். மேலும் கீழும் இரண்டு தலைமுறையைத் தாங்குகிற வயது இது. "கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க" என்று கேட்டால் வேலை உங்கள் தலையிலேயே இருக்கும், நினைவுபடுத்துகிற வேலையும் கூடவே சேரும். முழு வேலையாகக் கொடுங்கள்: இரவு மருந்தும் உடை மாற்றுவதும் கணவருடையது, ஞாயிறு காலை முழுவதும் நாத்தனாருடையது. அவர்கள் செய்கிற விதம் பிடிக்காவிட்டாலும் கையை வைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமே இல்லாமல் போனால் அது மனச்சோர்வு, மருந்து உள்ள நோய்.

அப்பா பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 35 வருடம் வேலை பார்த்து 60 வயதில் ஓய்வு பெற்றார். ஆறு மாதமாக வீட்டில் எல்லாவற்றிலும் குறை. அம்மா சமையலறையில் நிம்மதியாக இருக்க முடியவில்லை.
– வாசகர், பெரம்பூர்

வேலை சம்பளத்தோடு வேறு ஐந்தையும் கொடுக்கிறது என்று மரி யஹோடா என்ற உளவியலாளர் சொன்னார்: நாளுக்கு ஒரு நேர ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலர் சேர்ந்து செய்கிற நோக்கம், ஊரில் ஓர் அடையாளம், கைக்கு ஓயாத வேலை. ஐந்தும் ஒரே நாளில் நின்றுவிட்டன. பழைய ஷிப்டை இப்போது சமையலறையில் பார்க்கிறார். "டீவி பாருங்க, ரெஸ்ட் எடுங்க" என்பது இந்த ஐந்தில் ஒன்றையும் தராது.

காலையில் வெளியே கிளம்பியாக வேண்டிய ஒரு பொறுப்பு வேண்டும், வாரத்தில் 5 நாளாவது. புதிதாகக் கற்கும் வேகம் 30 வயதுக்கு மேலேயே மெல்லக் குறைந்துவரும். ஆனால் சொல்வளமும் தொழில் அனுபவமும் 60களிலும் குறைவதில்லை. ஆகவே கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ப்பதைவிட, வெல்டிங்கோ ஃபிட்டர் வேலையோ படிக்கிற பையன்களுக்குக் கற்றுத்தரும் இடத்தில் சேர்ப்பது பலன் தரும். பேரப்பிள்ளையைப் பள்ளியில் விடுவதை முழுக்க அவரிடமே ஒப்படையுங்கள். குடி கூடினால், தூக்கம் கெட்டால், "இனி எதுக்கு இருக்கணும்" என்று சொன்னால் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆயாவுக்கு 78. எண்ணூர் முகத்துவாரத்தில் இறால் பிடித்த கதையை நேற்று மட்டும் நாலு முறை சொன்னார். காலையில் என்ன சாப்பிட்டார் என்பது ஞாபகம் இல்லை. மறதி நோயா?
– வாசகர், எண்ணூர்

நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன, தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

பழைய கதை சொல்வது நோய் இல்லை. 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவைதான் எல்லோருக்கும் கடைசி வரை அதிகம் நினைவில் நிற்கும். முதல் வேலை, கல்யாணம், முதல் பிள்ளை எல்லாம் அப்போதுதான். வாழ்ந்ததைத் திரும்பிப் பார்த்துக் கணக்குத் தீர்ப்பது முதுமையின் இயல்பான வேலை என்று ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் 1963இலேயே எழுதினார். சொன்னது நினைவில்லாமல் ஒரே நாளில் நாலு முறை சொல்வதுதான் கவனிக்க வேண்டியது.

மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறப்பது வயது. அதை அரிசிப் பானைக்குள் வைப்பது வேறு. பேர் நாக்கு நுனியில் நின்று சாயங்காலம் ஞாபகம் வருவது வயது. தினம் போகிற கடையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது, 50 வருடமாக வைத்த மீன் குழம்பில் எதற்குப் பின் எது என்று தடுமாறுவது, சில்லறை எண்ண முடியாமல் போவது – இவை ஆறு மாதமாகக் கூடிக்கொண்டே வந்தால் பரிசோதனை வேண்டும். எப்போது, என்ன நடந்தது என்று தேதியோடு ஒரு நோட்டில் 3 வாரம் எழுதி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அங்கே ஆயா நன்றாகவே பேசிவிடுவார், நோட்டுதான் உண்மையைச் சொல்லும்.

மறதி நோய் என்று பேர் வைப்பதற்கு முன் சரிசெய்யக் கூடியவற்றைப் பார்க்க வேண்டும். காது கேட்காதவர் கேட்காததை மறந்ததுபோல் தெரியும்; காதில் மெழுகு அடைத்திருப்பதும் உண்டு. கண்புரை, பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, சளிக்கும் அரிப்புக்கும் வாங்குகிற சில மாத்திரைகள் எல்லாமே நினைவைக் குழப்பும். எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று ஆள் தெரியாமல் உளறினால் அது மறதி நோயே இல்லை. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, நீர்ச்சத்து இழப்பு என்று ஏதோ ஒன்று. அன்றே ஆஸ்பத்திரி.

மறதி நோய்க்கான 14 காரணிகள் மாற்றக் கூடியவை, அவற்றைச் சரிசெய்தால் ஏறக்குறைய 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல் சொன்னது. செவித்திறன் இழப்பு, பார்வை இழப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தனிமை, காற்று மாசு எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. எண்ணூர்க் காற்றை உங்களால் தனியாக மாற்ற முடியாது. அதற்காகக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கத்தான் வேண்டும். காது மெஷினும் கண்ணாடியும் இந்த மாதமே வாங்கிவிடலாம்.

கதையை "சொல்லிட்டே ஆயா" என்று வெட்டாதீர்கள். "அப்போ கூடை எவ்வளவுக்குப் போச்சு? கூட யார் வந்தாங்க?" என்று கேட்டால் அதே கதை வேறு கதவைத் திறக்கும். மதியத்தில் தெளிவாக இருக்கிற 20 நிமிடம் பார்த்துப் பழைய போட்டோவைக் கையில் கொடுத்துப் பேச விடுங்கள். போட்டோவின் பின்னால் பேர்களை எழுதி வையுங்கள். காலையில் என்ன சாப்பிட்டார் என்று சோதித்துக் கேட்பதை மட்டும் வீட்டில் எல்லோரும் நிறுத்துங்கள். "காலையில இட்லி சாப்பிட்டோம் ஆயா, இப்போ மதியம், மீன் குழம்பு" என்று நீங்களே சொல்லிவிட்டுத் தட்டை வையுங்கள்.